போகோட்டா நகரத்தின் காசு யுத்தம்

ஒரு காசுக்காக யுத்தம் நடக்குமா?

நடந்தது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. பல ஆண்டுகள் நடந்தது. அந்த யுத்தத்தில் பீரங்கி இல்லை, துப்பாக்கி இல்லை. பஸ்கள்தான் ஆயுதங்கள். நடுரோடுதான் போர்க்களம். அடிபட்டவர்கள் யார் தெரியுமா? பஸ்சுக்காகக் காத்து நின்ற ஜனங்கள்!

இந்த யுத்தம் நடந்த ஊர் போகோட்டா. தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா நாட்டின் தலைநகரம் அது. "காசு யுத்தம்" என்ற பெயரை அந்த ஊர் மக்களே வைத்தார்கள்.

யுத்தம் ஏன் மூண்டது? அதை எப்படி அடக்கினார்கள்? அடக்கிய பிறகு என்ன ஆயிற்று? பஸ்சில் போகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

மலைமேல் ஒரு மாநகரம்

போகோட்டா நகரம் ஆண்டிஸ் மலைத்தொடரில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,600 மீட்டர் உயரம். நம் ஊட்டியை விட உயரமான இடம். ஊட்டி சிறிய ஊர். போகோட்டாவோ 70 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் மாநகரம்.

அந்த நகரில் 1884-ம் ஆண்டு டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. அப்போது மின்சாரம் இல்லை. கோவேறு கழுதைகள் டிராமை இழுத்தன. அமெரிக்கக் கம்பெனி ஒன்று அதை நடத்தியது.

1910-ம் ஆண்டு ஒரு தகராறு வந்தது. கம்பெனி மானேஜர் ஒருவரின் நடத்தையைக் கண்டு மக்கள் கொதித்தார்கள். "இனி இந்த டிராமில் ஏற மாட்டோம்" என்று முடிவு செய்தார்கள். டிராம்கள் காலியாக ஓடின. கடைசியில் நகராட்சியே டிராமை விலைக்கு வாங்கிக்கொண்டது.

1948-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி ஹோர்ஹே எலியேசர் கைத்தான் என்ற தலைவர் நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழைகள் பெரிதும் நம்பியிருந்த தலைவர் அவர். நகரத்தில் பயங்கரக் கலவரம் மூண்டது. பல டிராம்கள் தீக்கு இரையாயின. அந்த அடியிலிருந்து டிராம் எழுந்திருக்கவே இல்லை. 1951-ம் ஆண்டு அடியோடு நிறுத்தப்பட்டது.

டிராம் போன இடத்தில் பஸ்கள் வந்தன. நகரம் வளர வளர பஸ்களும் பெருகின. 1990-களில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்களும் மினி பஸ்களும் போகோட்டா ரோடுகளில் ஓடின.

இத்தனை பஸ்கள் இருந்தால் ஜனங்களுக்குச் சுகம்தானே என்று தோன்றும். ஆனால் நடந்தது வேறு.

அனுமதி ஒருவருக்கு, வண்டி இன்னொருவருக்கு

பஸ் தொழில் அங்கே நடந்த முறையைக் கேளுங்கள்.

ஒரு பாதையில் பஸ் விடுவதற்கு அரசாங்கம் ஒரு கம்பெனிக்கு அனுமதி கொடுக்கும். அந்தக் கம்பெனிக்குப் பெரும்பாலும் சொந்தப் பஸ் இருக்காது. பஸ் வைத்திருப்பவர் வேறொருவர். ஒரு பஸ்சோ இரண்டு பஸ்சோ வைத்திருக்கும் சின்ன முதலாளி அவர். அவர் கம்பெனிக்குப் பணம் கட்டிவிட்டுத் தம் வண்டியை அந்தப் பாதையில் விடுவார்.

வண்டியை ஓட்டுகிறவர் மூன்றாவது ஆள். அவருக்கு நிலையான மாதச் சம்பளம் கிடையாது. எத்தனை பேரை ஏற்றுகிறாரோ, அதற்குத் தகுந்த கூலி. ஒரு தலைக்கு இவ்வளவு என்று கணக்கு.

இதில் மூன்று பேருடைய லாபமும் மூன்று திசையில் இழுத்தது.

கம்பெனிக்கு வண்டிகள் எத்தனை சேர்கின்றனவோ அத்தனைக்கும் பணம் வரும். ஆகையால் பாதையில் இடம் இருக்கிறதோ இல்லையோ, மேலும் மேலும் வண்டிகளைச் சேர்த்தது.

வண்டி முதலாளிக்குப் போட்ட பணம் திரும்ப வரவேண்டும். ஆகையால் ஓட்டை வண்டியையும் ஒட்டுப்போட்டு ஓட்டினார்.

டிரைவருக்குத் தலைகள் வேண்டும். ஆகையால் அவர் பறந்தார்!

முன்னால் போனவனுக்கே கூலி

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பஸ் நிறுத்தத்தில் 10 பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பாதையில் இரண்டு பஸ்கள் வருகின்றன. முதலில் வருகிற டிரைவர் 10 பேரையும் ஏற்றிக்கொள்வார். பின்னால் வருகிறவருக்கு ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். அவருக்கு அந்த நிறுத்தத்தில் கூலி இல்லை.

பின்னால் வருகிறவர் என்ன செய்வார்? அடுத்த நிறுத்தத்துக்குள் முன்னால் போகப் பார்ப்பார். முன்னால் போகிறவர் விடுவாரா? குறுக்கே வண்டியை ஒடிப்பார். இருவரும் முட்டி மோதிக்கொண்டு போவார்கள். இதுதான் காசு யுத்தம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. முன்னால் வேறு பஸ் போய் வெகு நேரம் ஆகவில்லை என்றால், டிரைவர் ஆமை வேகத்தில் போவார். ரோட்டில் ஜனங்கள் சேரட்டும் என்று காத்திருப்பார். பின்னால் இன்னொரு பஸ் தெரிந்தால் போதும்; உடனே பறப்பார். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் அவசரத்தைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

இந்தப் போட்டியை நம்பி ஒரு தொழிலே பிறந்தது. கையில் காகிதமும் கடிகாரமுமாகச் சிலர் ரோட்டோரம் நிற்பார்கள். "உனக்கு முன்னால் போன பஸ் போய் 4 நிமிடம் ஆகிறது" என்று டிரைவரிடம் சொல்வார்கள். டிரைவர் ஒரு சில்லறையை நீட்டுவார். அந்தத் தகவலை வைத்துக்கொண்டு வேகமாகப் போவதா, மெதுவாகப் போவதா என்று முடிவு செய்வார்.

பல வண்டிகளில் கண்டக்டர் கிடையாது. டிரைவரே ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பணம் வாங்கிச் சில்லறை கொடுப்பார். கை காட்டிய இடத்தில் எல்லாம் பஸ் நிற்கும். நடுரோட்டிலேயே ஏறுவதும் இறங்குவதும் நடக்கும். கிழவரும் குழந்தையும் கர்ப்பிணியும் அந்த ரோட்டில்தான் ஓடி ஏறவேண்டும்.

நஷ்டம் யாருக்கு?

பஸ் வேகமாகப் பறந்ததே, ஊர் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததா? அதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான வண்டிகள் ஒன்றை ஒன்று மறித்துக்கொண்டு நின்றன. நெரிசல் நேரத்தில் பஸ்கள் நகர்வதே கஷ்டம். ஊரின் விளிம்பில் வாழ்ந்த ஏழைத் தொழிலாளி, வேலைக்குப் போகவும் வரவும் நாள்தோறும் பல மணி நேரத்தைப் பஸ்சிலேயே தொலைத்தார்.

டிரைவர் பணக்காரர் ஆனாரா என்றால், அதுவும் கிடையாது. விடியற்காலையில் வண்டி ஏறினால் இரவில்தான் இறங்குவார். விபத்து நடந்தால் பழி அவர் மேல்தான். காய்ச்சல் என்று படுத்தால் அன்று கூலி இல்லை.

"டிரைவர்கள் மோசமானவர்கள்" என்று ஊரில் பலரும் ஏசினார்கள். ஆனால் அந்த ஆசனத்தில் யாரை உட்கார வைத்தாலும் அவரும் அப்படித்தான் ஓட்டியிருப்பார். வீட்டில் அடுப்பு எரிவதே தலைக்கணக்கை நம்பி என்றால், மெதுவாகப் போக யாருக்கு மனம் வரும்?

ஊமை நடிகர்கள் செய்த உபதேசம்

1995-ம் ஆண்டு போகோட்டாவுக்கு விசித்திரமான ஒரு மேயர் வந்தார். அவர் பெயர் அந்தானாஸ் மொக்குஸ். கணிதமும் தத்துவமும் படித்த பேராசிரியர்.

அவர் செய்த ஒரு காரியம் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிய ஊமை நடிகர்களை நாற்சந்திகளில் நிறுத்தினார். யாராவது சட்டத்தை மீறி வண்டி ஓட்டினால், நடிகர் அவரைப் போலவே நடித்துக் காட்டிக் கேலி செய்வார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஓட்டியவர் வெட்கப்பட்டு வண்டியைப் பின்னால் எடுப்பார்!

ஜனங்கள் நடந்து கடக்கும் கோட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தும் பழக்கம் பரவியது.

ஆனால் காசு யுத்தத்தை வெட்கத்தால் மட்டும் நிறுத்த முடியவில்லை. ஒரு பயணியை விட்டால் டிரைவருக்கு ஒரு காசு போகும். அந்தக் கணக்கு மாறாமல் இருக்கிற வரையில், யுத்தமும் ஓயாது.

பிரேசிலில் கிடைத்த விடை

அந்தக் கணக்கை மாற்றும் வழி, பக்கத்து நாடான பிரேசிலில் இருந்தது. அங்கே குரிட்டிபா என்று ஒரு நகரம்.

அந்த நகரில் 1965-ம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தினார்கள். நகரம் எப்படி வளர வேண்டும், ஜனங்கள் எப்படிப் போகவர வேண்டும் என்று ஆராய்வதே அதன் வேலை. கட்டடக்கலை படித்த ஜைமே லெர்னர் அந்த நிலையத்தில் பணியாற்றியவர். அவரே 1971-ம் ஆண்டு நகர மேயரானார்.

சுரங்க ரயில் போட அந்த ஊரில் பணம் இல்லை. "ரயிலுக்குத் தனிப் பாதை இருப்பதுபோல் பஸ்சுக்கும் தனிப் பாதை கொடுத்தால் என்ன?" என்று யோசித்தார்கள். 1974-ம் ஆண்டு, நடுரோட்டில் பஸ் மட்டும் ஓடும் பாதையைத் திறந்தார்கள். 1991-ம் ஆண்டு கண்ணாடிக் குழாய் போன்ற நிலையங்கள் வந்தன. ஜனங்கள் முதலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு நிலையத்துக்குள் போகவேண்டும். பஸ்சின் தளமும் நிலையத்தின் தளமும் ஒரே மட்டம். படி ஏற வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமான மாறுதல், கண்ணுக்குத் தெரியாத ஒன்று. பஸ் முதலாளிகளுக்குத் தலைக்கணக்கில் பணம் கொடுப்பதை நிறுத்தினார்கள். பஸ் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்த்துப் பணம் கொடுத்தார்கள்.

போகோட்டாவில் புதுக் கணக்கு

1998-ம் ஆண்டு என்ரிக்கே பெனலோசா போகோட்டா மேயரானார். குரிட்டிபாவின் வழியை அவர் தம் நகரத்துக்குக் கொண்டுவந்தார். 2000-ம் ஆண்டு டிசம்பர் மாதம் புதிய பஸ் போக்குவரத்து தொடங்கியது. அதன் பெயர் "டிரான்ஸ்மிலேனியோ".

பெரிய ரோடுகளின் நடுவே தனிப் பாதை. 160 பேர் போகக்கூடிய நீண்ட சிவப்பு பஸ்கள். நடுவில் மடிந்து வளையும் இரட்டை உடல் பஸ்கள் அவை. மேட்டுக்குடியிருப்புகளிலிருந்து ஜனங்களை அழைத்து வரப் பச்சை நிறச் சிறு பஸ்கள். அவற்றிலிருந்து சிவப்பு பஸ்சுக்கு மாறும்போது இன்னொரு டிக்கெட் வாங்க வேண்டியதில்லை.

பணத்துக்கும் தனிப் பாதை போட்டார்கள்.

டிக்கெட் பணத்தை டிரைவர் தொடுவதே இல்லை. பஸ் முதலாளியும் தொடுவதில்லை. டிக்கெட் விற்பதற்குத் தனிக் கம்பெனி. வசூலான பணம் முழுவதும் ஒரு பொதுக் கணக்குக்குப் போகும். அங்கிருந்துதான் பங்கு பிரியும். பஸ் கம்பெனிகளுக்கு ஓடிய கிலோமீட்டருக்குத் தக்கபடி பணம். சொன்ன நேரத்தில் பஸ் வராவிட்டாலும், வண்டி சுத்தமாக இல்லாவிட்டாலும் கம்பெனிக்கு அபராதம்.

இவை எல்லாவற்றையும் மேற்பார்க்க நகராட்சி ஒரு தனி நிறுவனத்தை அமைத்தது. எந்தப் பஸ் எங்கே போகிறது என்று ஒரே அறையிலிருந்து கண்காணித்தார்கள்.

பழைய முதலாளிகள் கதி என்ன? அவர்களை அடியோடு விரட்டவில்லை. பழைய கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து புதிய கம்பெனிகளில் பங்கு போட வழி செய்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு புதிய பஸ் வாங்கினால், அதற்கு ஈடாகச் சில பழைய பஸ்களை உடைத்து நொறுக்க வேண்டும்!

சம்பள டிரைவர்

தனிப் பாதை வந்தது. தலைக்கணக்கு போயிற்று. அந்தப் பாதைகளில் யுத்தமும் போயிற்று.

சிவப்பு பஸ்சின் டிரைவருக்குச் சம்பளம். வேலை நேரத்துக்கு வரம்பு. முன்னால் போகிற பஸ்சை முந்தினால் அவருக்கு ஒரு காசும் கூடாது; முந்தாவிட்டால் ஒரு காசும் குறையாது. பிறகு எதற்காக முந்த வேண்டும்?

நீண்ட பஸ்சை ஓட்டுவதற்கு டிரைவர்கள் புதிதாகப் பயிற்சி பெற வேண்டியிருந்தது. வளைவில் பின்பாதி எங்கே வரும் என்று தெரிய வேண்டும். நிலையத்தின் கதவும் பஸ்சின் கதவும் நேருக்கு நேர் வரும்படி நிறுத்த வேண்டும். இடைவெளி அதிகமானால் பயணியின் கால் சிக்கிக்கொள்ளும்.

தனிப் பாதையில் பஸ்கள் மணிக்குச் சராசரியாக 26 கிலோமீட்டர் வேகத்தில் போயின. நெரிசலில் ஊர்ந்த ஜனங்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். அந்த ரோடுகளில் விபத்துச் சாவுகளும் வெகுவாகக் குறைந்தன. நெரிசலான நேரத்தில், ஒரே திசையில், ஒரு மணிக்கு 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இந்தப் பஸ்கள் சுமந்தன. பல ஊர்களில் ரயிலே இவ்வளவு பேரைச் சுமப்பதில்லை.

இந்த மாறுதலின் இன்னொரு பலன் பின்னால் வந்தது. 2022-ம் ஆண்டு போகோட்டா நகராட்சியே மின்சாரப் பஸ்கள் ஓட்டும் ஒரு கம்பெனியைத் தொடங்கியது. அதில் ஏராளமான பெண்கள் டிரைவர் வேலையில் சேர்ந்தார்கள். முட்டி மோதி ஓட்டிய நாளில் இதை யாராவது நினைத்துப் பார்த்திருப்பார்களா?

புதுத் தலைவலி

கதை இத்துடன் முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை.

சிவப்பு பஸ்சைத் தேடி ஜனங்கள் குவிந்தார்கள். பாதைகள் அந்த அளவுக்கு வளரவில்லை. காலையிலும் மாலையிலும் பஸ்சுக்குள் மூச்சுவிட இடம் இல்லை. 2012-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி ஆத்திரம் வெடித்தது. இளைஞர்கள் பாதையை மறித்தார்கள். நிலையங்கள் நொறுக்கப்பட்டன. ஊரே ஸ்தம்பித்தது.

கிலோமீட்டர் கணக்கிலும் ஒரு குறை உண்டு. தலைக்கணக்கில் டிரைவர் பயணியைத் தேடி ஓடினார். கிலோமீட்டர் கணக்கில், பயணி ஏறினாலும் ஏறாவிட்டாலும் கம்பெனிக்குப் பணம் வந்துவிடும். பயணியை அன்பாக நடத்தாவிட்டாலும் நஷ்டம் இல்லை. ஆகையால் கேள்வி கேட்கிற அதிகாரி விழித்திருக்க வேண்டும். அவர் தூங்கினால் கம்பெனியும் தூங்கும்.

டிக்கெட் வாங்காமல் நிலையத்துக்குள் தாவிக் குதிப்பவர்களும் பெருகினார்கள். அந்த நஷ்டம் பொதுக் கணக்கில் விழுந்தது. நகராட்சி தன் கஜானாவிலிருந்து ஈடுகட்ட வேண்டியதாயிற்று.

ஒரு பஸ், இரண்டு பஸ் வைத்திருந்த சின்ன முதலாளிகள் பலர், பெரிய கம்பெனிகள் தங்களை ஓரங்கட்டிவிட்டதாகக் குமுறினார்கள். அந்தக் குமுறலிலும் நியாயம் இருந்தது. ஒரு பஸ் என்பது பல குடும்பங்களுக்கு வாழ்நாள் சேமிப்பு.

நகரம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 2018-ம் ஆண்டு மலைச்சரிவில் வாழும் ஏழைகளுக்காகக் கம்பியில் தொங்கிச் செல்லும் கேபிள் வண்டி விட்டார்கள். மெட்ரோ ரயில் பாதையும் கட்டப்பட்டு வருகிறது.

மற்ற ஊர்களில்

போகோட்டாவைப் பார்த்துப் பல நாடுகள் பாடம் படித்தன. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் 2004-ம் ஆண்டிலும், நைஜீரியாவின் லாகோசில் 2008-ம் ஆண்டிலும், நம் அகமதாபாத்தில் 2009-ம் ஆண்டிலும் பஸ்சுக்குத் தனிப் பாதைகள் வந்தன.

எல்லா ஊரிலும் அது வெற்றி பெறவில்லை. டில்லியில் 2008-ம் ஆண்டு தொடங்கிய தனிப் பாதையை 2016-ம் ஆண்டு இடித்துவிட்டார்கள். கார்க்காரர்களின் எதிர்ப்பு ஒரு காரணம். மற்ற வண்டிகள் பஸ் பாதைக்குள் புகுந்தது இன்னொரு காரணம். ரோட்டை மட்டும் மாற்றினால் போதாது என்பதற்கு அது ஓர் அத்தாட்சி.

கென்யாவின் நைரோபி நகரில் "மட்டாட்டு" என்ற தனியார் மினி பஸ்களை நம்பியே ஜனங்கள் வாழ்கிறார்கள். அவை எந்தெந்த வழியாகப் போகின்றன என்று முழுமையான ஒரு படம்கூட வெகுகாலம் இல்லை. பல்கலைக்கழக மாணவர்கள் கையில் செல்போனுடன் அந்த வண்டிகளில் ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு நிறுத்தத்தையும் குறித்தார்கள். 2014-ம் ஆண்டு 130-க்கும் மேற்பட்ட பாதைகளைக் காட்டும் படம் வெளிவந்தது. ஆள்கிறவர்களுக்கும் பயணிகளுக்கும் அது கண்ணைத் திறந்தது. எந்தப் பஸ் எங்கே ஓடுகிறது என்றே தெரியாமல் பஸ்களை எப்படி ஆள முடியும்?

கிலோமீட்டர் கணக்கு இப்போது தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறது. 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் 120 மின்சாரப் பஸ்கள் ஓடத் தொடங்கின. வண்டியும் டிரைவரும் தனியாருடைய பொறுப்பு. கண்டக்டரும் டிக்கெட் வசூலும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. தனியாருக்கு, ஓடிய கிலோமீட்டருக்குத் தகுந்த பணம்.

நல்ல ரோடும் புது வண்டியும் வேண்டும்தான். ஆனால் பஸ் எப்படி ஓடும் என்பது, அதை ஓட்டுகிறவருக்கு எதற்காகக் கூலி கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தலைக்குக் கூலி கொடுத்தால் தலைகளைத் துரத்துவார். தூரத்துக்குக் கூலி கொடுத்தால் தூரம் ஓடுவார். நேரத்துக்கு வந்ததா, பத்திரமாக இறக்கிவிட்டதா, வயதானவர் ஏறும்வரை நின்றதா என்று கேட்டுக் கூலி கொடுக்கிற ஊரில், பஸ் ஜனங்களுக்காக ஓடும்.